வெள்ளிக்கிழமைக்குள் இறக்கிவிடு

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணாவுக்கு,

தங்கை பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். இந்தக் கடிதத்தைப் பிரிக்கும் இந்த நிமிடம் நீங்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக, உங்கள் இரத்த அழுத்த மாத்திரையோடும் ஒரு டம்ளர் தண்ணீரோடும் பக்கத்திலேயே இருக்கும்படி அண்ணியிடம் போனில் சொல்லியிருக்கிறேன். அவர் நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை நீங்கள் போனில் போட்ட உத்தரவு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமையோட அட்மிஷன் முடியுது. அதுக்குள்ள உன் பொண்ணை அந்தக் கிரேன்லேர்ந்து இறக்கிடு. வருஷா வருஷம் ஒரு சீட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு கமிட்டிக்காரங்க முன்னாடி நான் திருதிருன்னு முழிக்க முடியாது" என்றீர்கள். நானும் சரி என்றேன். சொன்னபடி வியாழக்கிழமையே கிளம்பியும் போனேன். அங்கே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் வேறு யாராவது முந்திக்கொண்டு சொன்னால், உங்கள் தங்கை அரசாங்க அதிகாரி வேஷம் போட்டுக்கொண்டு ஒரு கட்டட வேலையையே நிறுத்திவிட்டாள் என்று நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். வேலையை நிறுத்தியது உண்மை. வேஷம் நான் போட்டதல்ல, அவர்களாகப் போட்டுவிட்டது.

வழக்கு என்றால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும் என்பீர்கள், அதனால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். நீங்கள் சட்டக் கல்லூரி முதல்வர். உங்கள் மாப்பிள்ளையான என் வீட்டுக்காரருக்கு மருந்துக் கடை. எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை. இப்படி மூன்று பேரும் தரையில் கால் ஊன்றி நிற்கிற குடும்பத்தில், எங்கள் ஒரே பெண், பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள், கல்லூரி வேண்டாம், டவர் கிரேன் ஓட்டப் போகிறேன் என்று சொன்னபோது நீங்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று எப்படிக் கத்தினீர்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இன்றும் மனப்பாடம். அவள் பதறவே இல்லை. "மாமா, புஸ்தகத்தை நான் எங்க வேணா வச்சுப் படிச்சுக்குவேன். கிரேனை வீட்ல வச்சுப் பழக முடியாதே" என்றாள். நீங்கள் உடனே எங்கள் வளர்ப்பைப் பிடித்துக்கொண்டீர்கள். அவள் பாட்டுக்குப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள், தேறினாள், அங்கே இங்கே உதவியாளாக இருந்துவிட்டு, இப்போது பெரிய தெருமுனையில் எழும்புகிற அந்த உயரக் கட்டடத்தில் சோதனைக் காலத்துக்கு ஓட்டுநராக ஏறிவிட்டாள். வியாழக்கிழமைதான் அந்தச் சோதனைக் காலத்தின் கடைசி நாள். அன்று காண்ட்ராக்டருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் வீட்டுக்கு. நான் போய் ஒரு ரகளை செய்தால் போதும், அவளாகவே இறங்கிவிடுவாள் என்பதுதான் நீங்களும் நானும் போட்ட கணக்கு.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அவள் கிரேன் ஏறினால் குடும்பத்தில் தெய்வ நம்பிக்கையே போய்விடும் என்று சொன்னீர்கள். நடந்ததோ நேர்மாறு. உங்கள் மாப்பிள்ளையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. இத்தனை வருஷமாக இருமல் மருந்து வாங்க வருகிறவருக்கெல்லாம் கடவுள் இல்லை என்பதையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்த மனுஷன். அவள் முதன்முதலாகக் கிரேன் ஏறிய அன்று கடைக்குப் போனேன், ஆளைக் காணோம். உள்ளே சரக்கு அறைக் கதவைத் திறந்தால், சத்து டானிக் பெட்டிகளுக்கு நடுவில் கண்ணை மூடிக் கையைக் குவித்து நின்றுகொண்டிருக்கிறார். "யாரைக் கும்பிடறீங்க?" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "தெரியலை. சம்பந்தப்பட்டவர் யாரோ அவர் கவனத்துக்கு வைக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் இது நடக்கிறது. எந்த மதம் என்று கேட்டால் இன்னும் முடிவாகவில்லையாம், எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒரு விண்ணப்பம்தானாம். நான் அவரைக் கேலி செய்து தீர்த்தேன். எந்தக் கடவுளையும் நம்பாத உங்கள் மருமகள்தான் அவருக்காகப் பரிந்து பேசினாள். "விடும்மா, மேல ஏறும்போது நான் பெல்ட்டை மாட்டிக்கிறேன். கீழ நிக்கிறப்போ அப்பா இதை மாட்டிக்கிறார்" என்றாள். என் நம்பிக்கை என்ன என்று கேட்காதீர்கள், எனக்கு அதை உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்ததில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கும் நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்குப் பக்தர்கள்தான். வெளியே வந்து வாயைக் கொப்பளித்ததும் பழையபடி ஆகிவிடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு இரண்டு பக்கமும் சரி என்றாகிவிட்டது.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் லீவு சொல்லிவிட்டு அவசரத்தில் ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே கிளம்பிவிட்டேன். கையில் யாரோ ஒரு நோயாளியின் எக்ஸ்ரே உறை இருந்தது, அதையும் கீழே வைக்க மறந்துவிட்டேன். கட்டட வாசலில் காவலாளி ஒருவர் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் மடியில் வைத்து, அதற்குள் கையை விட்டுச் சும்மா குடைந்துகொண்டிருந்தார். எனக்கு ஏற்கெனவே இருந்த ஆத்திரமெல்லாம் அவர் மேல் போயிற்று. "அது என்ன, பொரி அள்ளித் தின்ற பாத்திரமா? தலையில போடுங்க! மேலேர்ந்து ஒண்ணு விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று ஒரு போடு போட்டேன். அந்த மனுஷன் துள்ளி எழுந்து, ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டிக்கொண்டு ஒரு சல்யூட் அடித்தார் பாருங்கள், நான் அசந்தே போனேன். அடுத்த நிமிடம் மேற்பார்வையாளர் மூச்சு வாங்க ஓடிவந்து, "வாங்க மேடம், வாங்க மேடம், உங்களைத்தான் காலையிலேர்ந்து எதிர்பார்த்துட்டு இருக்கோம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. பிஸ்கட் வந்தது. மின்விசிறியை வேறு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா அண்ணா? கிரேன் ஓட்டுகிறவளின் அம்மாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். நம் பெண் இங்கே இவ்வளவு செல்வாக்கோடுதான் இருக்கிறாள் போலிருக்கிறது, நாம்தான் புரியாமல் அவளை அடித்துப் பிடித்து இறக்க வந்திருக்கிறோம் என்று நெஞ்சு நிறைந்துபோய் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தேன். "ஒருதடவை எல்லாத்தையும் பார்த்துடறீங்களா மேடம்?" என்று கேட்டார். மகள் வேலை செய்கிற இடத்தைப் பெற்றவளுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள், நல்ல பழக்கம்தான் என்று எழுந்தேன். போகிற வழியெல்லாம் கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டே போனேன். காத்திருப்போர் அறையில் பிள்ளைகளை அதட்டி அதட்டி எனக்கு அது கைவந்த கலையாகிவிட்டது. படிக்கட்டு ஓரத்தில் தடுப்புக் கம்பி இல்லை என்றேன், உடனே இரண்டு பேர் கம்பியோடு ஓடினார்கள். தீயணைக்கிற மணல் வாளியில் மணலைவிட சிகரெட் துண்டு அதிகமாக இருக்கிறதே என்றேன், வாளியே மாயமாகிப் புது வாளி வந்துவிட்டது. முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே ஒரு சீப்பும் ஒரு பூட்டும் இருந்தன. "அடிபட்டவனுக்குத் தலை வாரி விடுவீங்களா?" என்று கேட்டேன். மேற்பார்வையாளர் முகம் வெளிறிப்போய், குரலைத் தாழ்த்தி, "மேடம், தயவுபண்ணி இதை மட்டும் ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வருவதாக இருந்திருக்கிறது. மாற்றலாகி வந்த புது ஆள், மகா கறார், யாரும் பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டு, கையில் உறை, வந்ததும் வராததுமாக ஒரு அதட்டல் என்று நான் நுழைந்ததும் அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். இதை ஆள்மாறாட்டம் என்று நீங்கள் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் யார் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதிகாரி என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு பிஸ்கட் தின்றேன், அது அதிகாரத்தால் பெற்றதாகாது, அவர்களாக உபசரித்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டுவிட்டது. ஏதோ ஒரு டயர் கம்பெனியின் காலண்டரை அதன் மேலேயே மாட்டி வைத்திருந்தார்கள். எழுதி ஒட்டியிருப்பது எதுவானாலும் எனக்குக் கடைசி வரி வரை படித்தாக வேண்டும். காலண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிரேன் பற்றிய விதிகள் முழுவதையும் படித்தேன். மேற்பார்வையாளர் வியர்த்து வழிந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் காண்ட்ராக்டர் வந்து சேர்ந்தார். ஆட்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் ரெண்டு போன். ஒரு காதில் ஒன்று, இன்னொரு காதில் ஒன்று, நடுவில் இருக்கிற வாயால் மூன்றாவது ஆளைத் திட்டுவார். மேல்மாடிக்குப் போக வேண்டிய ஆளுயரக் கண்ணாடிப் பலகைகள் லாரியில் வந்து இறங்கியிருந்தன. சாயங்காலத்துக்குள் அத்தனையும் மேலே போயாக வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தார். நான் அப்போதுதான் தலையை நிமிர்த்திக் கிரேனை நன்றாகப் பார்த்தேன். அதன் உச்சியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள்தான் நான் பெற்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்து வலித்தது, கண் கூசியது, அதற்கு மேல் எனக்குப் பார்க்கத் தெம்பில்லை. உங்கள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "உடனே வாங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லத் தோன்றவில்லை. அவரும் கேட்காமல் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

காற்று கிளம்பியது. கீழே எங்களுக்குக் கோட்டு நுனி ஆடுகிற அளவுதான். மேற்பார்வையாளர் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கரகரவென்றது. அதில் நம் பெண்ணின் குரல் வந்தது, வீட்டில் உப்பு எங்கே என்று கேட்பாளே அதே நிதானத்தோடு.

"மேல காத்து அளவைத் தாண்டிடுச்சு. மீட்டர் காட்டுது. கண்ணாடியைக் கட்டாதீங்க. காத்து அடங்கினப்புறம் தூக்கறேன்."

ரெண்டு போன் ஒரு போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வாக்கி-டாக்கியைப் பிடுங்கினார். "இந்தாம்மா, இதெல்லாம் ஒரு காத்தா? என் வீட்டு மின்விசிறி இதைவிட வேகமா சுத்தும். தூக்கு!"

"மின்விசிறிக்குக் கீழ ஆள் நிக்கலாம் சார். கண்ணாடிக்குக் கீழ நிக்க முடியாது. பலகையில காத்து பிடிச்சா அது போற போக்குக்குத்தான் போகும், நான் சொல்ற போக்குக்கு வராது."

"நான் யார் தெரியுமில்ல? வேலையை விட்டுத் தூக்கிடுவேன்!"

"என்னைத் தூக்குங்க சார், பரவாயில்லை. கண்ணாடியைத் தூக்க மாட்டேன்."

கீழே நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு நின்றார்கள். அண்ணா, இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். நான் எதற்காக அங்கே போனேனோ அது தானாகவே என் மடியில் வந்து விழுந்திருந்தது. நான் ரகளை செய்யவே வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும், இன்னும் ஒரு வாய்க் கத்தலில் ரெண்டு போனே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார். அவள் இறங்கி வருவாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நிறுத்தலாம், நீங்கள் சீட்டைக் கொடுக்கலாம், பழி எல்லாம் காண்ட்ராக்டருக்கு. இதைவிடச் சௌகரியமாக ஒரு தாய்க்கு எதுவும் அமையாது. நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அவள் குரல் காதிலேயே இருந்தது. அவ்வளவு பெரிய ஆளிடம், கத்தாமல், அழாமல், முடியாது என்று சொல்லிவிட்டாளே! நான் என் ஆயுளில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அப்படிச் சொல்ல முடியும் என்பதே எனக்குத் தெரியாது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பெற்ற பெண் மேலேயே பொறாமைப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கத்தில்தானோ என்னவோ, கை தானாக நீண்டு ரெண்டு போன் கையிலிருந்த வாக்கி-டாக்கியை வாங்கிவிட்டது.

"ஓட்டுநர் சொன்னதுதான் சரி. காத்து அடங்கற வரைக்கும் யாரும் எதையும் தூக்கக் கூடாது. வேலையை நிறுத்துங்க" என்றேன்.

ஆள் ஆளுக்குக் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். நான் இதுவரை சொன்ன எதையும் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷம் எத்தனை நேரம் நீடித்தது என்கிறீர்கள்? வாக்கி-டாக்கி மறுபடியும் கரகரத்தது.

"அம்மா?"

அங்கே ஆளாளுக்கு ஒரு வாக்கி-டாக்கி. அந்த "அம்மா" எல்லாத் தளத்திலும் எதிரொலித்தது. "அம்மா, நீ எங்க இங்க? எங்க நிக்கிற? கொக்கிக்கு நேர்க்கீழ நிக்காத, பின்னாடி தள்ளிப் போ!" நான் பின்னால் தள்ளிப் போனேன். மேற்பார்வையாளர் என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, "யாரோட அம்மா?" என்று ஈனசுரத்தில் கேட்டார். வாசலில் காவலாளி இன்னும் சல்யூட்டை இறக்கவில்லை.

ரெண்டு போன் ருத்ர தாண்டவம் ஆடிவிட்டார். "யாரும்மா நீ? யார் உன்னை உள்ள விட்டது? பொண்ணுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா? ரெண்டு பேருமா சேர்ந்து வெளிய நடங்க!" என்றார். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த வராது என்பது நம் குடும்பத்துச் சொத்து. "சார், நான் யாருங்கறது அப்புறம் பேசுவோம். நீங்களே ஒட்டி வச்சிருக்கிற பலகையைப் படிக்கிறேன், கேளுங்க" என்று டயர் காலண்டரைத் தூக்கிப் பிடித்தேன். காற்றின் வேகம் குறித்த அளவைத் தாண்டினால் சுமை தூக்கக் கூடாது, தூக்கலாமா கூடாதா என்பதில் ஓட்டுநரின் முடிவே இறுதி, அதற்காக அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. மூன்றையும் உரக்கப் படித்தேன். "அடியில யார் கையெழுத்து? நீங்க போட்டதுதானே? உங்க கையெழுத்தை நீங்களே மதிக்கலைன்னா வேற யார் மதிப்பாங்க?" என்று கேட்டேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரெண்டு போன் தன் கையெழுத்தையே ஏதோ முன்பின் பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார்.

"அவங்க சரியாத்தான் படிச்சாங்க" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஒல்லியாக, சாதுவாக, கசங்கின சட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார். அவர்தான் நிஜமான ஆய்வாளர். எப்போதோ வந்துவிட்டாராம். அதிகாரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறார், நீங்கள் யார் என்று காவலாளி அவரை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார். காவலாளியின் வாக்கி-டாக்கியில் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நேராகப் போய்க் கம்பி, வாளி, பெட்டி எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தன, அந்தச் சீப்பைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். காற்று அடங்குகிறவரை வேலை நிறுத்தம் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநரின் பெயரைக் கேட்டுப் பாராட்டி ஒரு வரியும் சேர்த்தார். ரெண்டு போனின் இரண்டு போனும் அடித்துக்கொண்டே இருந்தன, அவர் எடுக்கவில்லை.

சாயங்காலம் காற்று அடங்கியது. மீட்டர் இறங்கிவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் ஆட்கள் கண்ணாடியைக் கட்டினார்கள். அது தரையைவிட்டு எழும்பிற்று. ஆடவில்லை, திரும்பவில்லை. வானமும் எதிர்க் கட்டடமும் அதில் தெரிய, மேலே மேலே போயிற்று. உச்சியில் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தவர்களின் விரலுக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிறோமே, அவ்வளவு பதமாக இறக்கி வைத்தாள். கீழே நின்ற முரட்டு ஆட்களெல்லாம் கைதட்டினார்கள். நான் அழுதேன் அண்ணா. அத்தனை பேர் நடுவில், வெள்ளைக் கோட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவ என் பொண்ணு, அவ என் பொண்ணு என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டே அழுதேன். பக்கத்தில் நின்றவர் வேறு யாருமில்லை, உங்கள் மாப்பிள்ளைதான். எப்போது வந்தாரோ தெரியாது, வலி மாத்திரையும் கட்டுத்துணியும் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்து, கண்ணை இறுக மூடிக் கையைக் குவித்து நின்றிருந்தார். கண்ணாடி மேலே போய்ச் சேர்ந்ததை அவர் பார்க்கவே இல்லை. "முடிஞ்சுதா?" என்றார். முடிஞ்சுது என்றேன். "பார்த்தியா!" என்றார், தானே தூக்கி வைத்த மாதிரி.

அவள் இறங்கி வந்ததும் முதலில் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். சுமை தூக்குகிற இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்றதற்கு எனக்கு ஒரு அர்ச்சனை. நான் எதற்காக அங்கே வந்தேன் என்று கேட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். உன்னை இறக்கத்தான் வந்தேன், உங்க மாமா சொன்னார், நானும் சரின்னுட்டேன் என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ, "நான் வேலைய விட்டுப் போற மாதிரி ஆனப்போ நீ பேசாம இருந்திருக்கலாமே, ஏம்மா பேசின?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ரெண்டு போன் வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாளையிலேர்ந்து நிரந்தரம். நேரத்துக்கு வந்துடு" என்று அவளிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "நீங்க மட்டும் வராதீங்க" என்றார். இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

ஆகையால் அண்ணா, தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகள் இறங்க மாட்டாள், நானும் இனி இறக்க மாட்டேன். நீங்கள் பாசத்தோடு பிடித்து வைத்த சீட்டுக்கு ரொம்ப நன்றி. எங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை. தாராளமாக வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கமிட்டிக்காரர்கள் முன்னால் நீங்கள் இனித் திருதிருவென்று முழிக்க வேண்டியதில்லை. அவள் கிரேனில், உங்கள் மாப்பிள்ளை டானிக் பெட்டிகளுக்கு நடுவில், நான் என் பல் ஆஸ்பத்திரி மேஜையில் என்று ஆளுக்கொரு இடத்தில் அடங்கிவிட்டோம். இந்தக் குடும்பத்தில் இனிமேல் யாரும் எந்தப் புதுப் பாதையிலும் கால் வைக்க மாட்டார்கள் என்று நான் உறுதி கூறுகிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பைக் குறையுங்கள், மாணவர்களைத் திட்டும்போது உட்கார்ந்துகொண்டு திட்டுங்கள். அண்ணிக்கு என் அன்பு. நீங்கள் எங்கள் மூவரையும், கோபம் ஆறிய பிறகு, மனதார வாழ்த்துங்கள். கோபத்தோடே வாழ்த்தினாலும் ஏற்றுக்கொள்கிறோம்.

என்றும் உங்கள் சொல் தட்டாத
தங்கை

பின்குறிப்பு: மேலே கடைசிப் பத்தி முழுவதையும் அடித்துவிடவும். "சொல் தட்டாத" என்பதையும் சேர்த்து. சீட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்றை எழுதாமல் மறைத்துவிட்டேன். கிளம்பும்போது அந்த ஆய்வாளர் என்னிடம் வந்து, "நீங்க எந்தக் கோர்ட்ல இருக்கீங்க மேடம்?" என்று கேட்டார். பல் ஆஸ்பத்திரியில் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்படியா" என்று சொல்லிவிட்டு, ஏதோ நல்ல பொருள் வீணாய்ப் போவதைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு என்னால் இனிமேல் மேஜையில் உட்கார முடியாது. நானும் பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கியவள்தான் அண்ணா, உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. மேலே படிக்கிறேன் என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். நல்லதுக்குத்தான் செய்தீர்கள். நானும் தலையை ஆட்டினேன். அப்போதும் சரி, இத்தனை வருஷமும் சரி, எனக்கு வலித்தது என்று ஒரு நாளும் உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், வலித்தது.

சட்டப் படிப்புக்கு வயது வரம்பு இல்லை என்று உங்கள் கல்லூரி அலுவலகத்துக்கே போன் போட்டு, பெயர் சொல்லாமல் விசாரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலும் சொல்லியாயிற்று, டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே வாழ்த்தினார், நாற்காலியில் இருந்தவர்தான் பாவம். வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் அறை வாசலில் நிற்பேன். மற்றவர்களைப் போலவே வரிசையில் வருவேன், தங்கை என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைய மாட்டேன். என்னைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு வேண்டும்.